ஜீப்ரா ஃபின்ச் வளர்ப்பு: ஜோடி வாங்குவதிலிருந்து குஞ்சு பாடப் பழகும் வரை, முழுமையான வழிகாட்டி

ஜீப்ரா ஃபின்ச் முட்டை வைக்க என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு ஆண், ஒரு பெட்டை, ஒரு சின்ன மண் கலயம், ஒரு கைப்பிடி தேங்காய் நார். மூன்றாவது வாரம் எட்டிப் பார்த்தால் முட்டை கிடக்கும். கேட்க வேண்டிய கேள்வி, அதை எப்படி நிறுத்துவது என்பதுதான். அது தெரியாமல் முதல் வருடமே ஒரு பெட்டையைப் பறிகொடுத்தேன். எட்டு மாதத்தில் ஆறு ஈடு முட்டை வைத்தது. ஒரு நாள் காலையில் கூண்டின் தரையில் பந்து மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, சாயங்காலம் செத்துப்போனது. அதுவரை "நம்ம பறவை என்னமா முட்டை வைக்குது பாருங்க" என்று தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான்.

இந்தப் பறவையின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து, புல் முளைத்து, விதை பிடித்தால் உடனே ஜோடி ஜோடியாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும், காய்ந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளும். நம் வீட்டுக் கூண்டில் தினமும் தினை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, குளிக்கக் கிண்ணம்கூட வைக்கிறோம். அதைப் பொறுத்தவரை இங்கே வருடம் முழுக்க மழை முடிந்த மறுவாரம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் தானாகவே புரிந்துவிடும்.

வாங்கும் முன்

பாட்டுக்காக வாங்குகிறீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கேனரி மாதிரி இழுத்து இழுத்துப் பாடாது. பொம்மைக் காரின் ஹாரனை யாரோ வேகமாக அமுக்கிப் பார்ப்பது போல ஒரு சத்தம். ஒரு விநாடி அளவுக்கு ஒரு சின்னத் துணுக்கு, அதையே திரும்பத் திரும்ப அடிக்கும். ஆண் மட்டும்தான் பாடும், பெட்டை கூப்பிடும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு ஆணுக்கும் தனிப் பாட்டு உண்டு. நாலு ஆண் இருக்கும் வீட்டில் ஒரு மாதம் காதைக் கொடுத்தால் எது பாடுகிறது என்று அடுப்படியில் இருந்தே சொல்லிவிடலாம்.

அடுத்தது சட்டம். நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளிக்கு மட்டுமில்லை, வயல்வெளியில் திரியும் சில்லைக்கும், அதாவது தினைக்குருவிக்கும், இதே சட்டம்தான். சிலர் சில்லையைப் பிடித்துப் பச்சை, ரோஸ் என்று சாயம் அடித்து "கலர் ஃபின்ச்" என்று விற்பார்கள். குளிக்கக் கிண்ணம் வைத்தால் தண்ணீர் நிறம் மாறும். பச்சை உடம்பும் கட்டையான சாம்பல் அலகுமாக ஒரு குருவியை மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஜீப்ரா ஃபின்ச் வெளிநாட்டுப் பறவை, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகியது, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலிலும் இல்லை. ஜாவா குருவி அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதை வளர்ப்பதானால் பதிவு வேலை தனியாக உண்டு.

ஜோடி பார்த்து எடுப்பது

சாதாரண சாம்பல் நிறப் பறவை என்றால் குழப்பமே கிடையாது. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையில் வரிக்குதிரைக் கோடு, நெஞ்சில் கறுப்புப் பட்டை, விலாவில் வெள்ளைப் புள்ளி வைத்த செம்பழுப்பு. பெட்டைக்கு இது எதுவும் இல்லை, கண்ணுக்குக் கீழே கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு மட்டும் இருக்கும் (அது ஆணுக்கும் உண்டு). வெள்ளை நிறத்தில்தான் ஏமாறுவோம். அங்கே அலகை மட்டுமே நம்ப வேண்டும். ஆணுக்கு நல்ல சிவப்பு, பெட்டைக்கு ஆரஞ்சு. நான் ஒரு கடையில் "கன்ஃபார்ம் ஜோடி சார்" என்று சொன்னதை நம்பி ஒரு வெள்ளை ஜோடி வாங்கி வந்தேன். பத்து நாளில் ஒரே கலயத்தில் பதினொரு முட்டை. ஒரு பெட்டை அத்தனை வைக்காது. இரண்டுமே பெட்டை! பதினொன்றும் கூமுட்டை. இனி யாரும் என்னை அப்படி ஏமாற்ற முடியாது, ஒன்று பாடுவதைக் காதால் கேட்காமல் வெள்ளை ஜோடிக்குக் காசு கொடுப்பதில்லை.

அலகு கறுப்பாக இருந்தால் இன்னும் குஞ்சு என்று அர்த்தம், ஆணா பெண்ணா என்று பார்க்கவே முடியாது. ஆணையும் பெட்டையையும் வெவ்வேறு இடத்தில் வாங்குங்கள். ஒரே கூண்டில் இருந்து எடுத்தால் பெரும்பாலும் அண்ணன் தங்கையாக இருக்கும். கொண்டைப் பறவை பிடித்திருந்தால் ஒன்று மட்டும் எடுங்கள், கொண்டையையும் கொண்டையையும் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். அது பரம்பரை விஷயம், தீனியை மாற்றியெல்லாம் சரிசெய்ய முடியாது.

கடையில் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பகல் வேளையில் உப்பிக்கொண்டு தூங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, பின்பக்கம் எச்சம் ஒட்டியிருப்பது, மூன்றில் எது இருந்தாலும் வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் பறவை இருந்தால் புதுசை 30 நாள் வேறு அறையில் வைத்திருந்து அப்புறம் சேருங்கள்.

கூண்டு

இந்தப் பறவை மேலே கீழே பறக்காது, குறுக்காகப் பறக்கும். அதனால் உயரமான கோபுரக் கூண்டு பார்க்கத்தான் அழகு. ஒரு ஜோடிக்கு 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம் குறைந்தபட்சம், நீளம் கூடினால் இன்னும் நல்லது. கம்பி இடைவெளி ஒரு செ.மீ.க்குமேல் போகக் கூடாது. லவ் பேர்ட்ஸ் கூண்டைக் காலியாக இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்தால் குஞ்சு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். வெல்டு மெஷ் என்ற கம்பி வலை வாங்கி நீங்களே அடித்தால் முதலில் வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள், புதுக் கம்பியின் துத்தநாகப் பூச்சு உடம்புக்குள் போனால் விஷம்.

உட்கார பிளாஸ்டிக் குச்சி வேண்டாம். கொய்யாக் குச்சியோ வேப்பங்குச்சியோ வெட்டி, சுண்டுவிரல் கனத்தில் ஒன்றும் அதைவிட மெலிதாக ஒன்றும் வைத்தால் காலுக்கு நல்லது. இரண்டையும் கூண்டின் இரு முனையில் வையுங்கள், நடுவில் பறக்க இடம் வேண்டும்.

நம் ஊரில் பெரிய எதிரி எறும்பு. பூனை, பாம்பு எல்லாம் அப்புறம். ராத்திரியில் ஒரு வரிசை எறும்பு கலயத்துக்குள் போய்விட்டால் காலையில் குஞ்சு மிஞ்சாது, தாய் பயந்து வெளியே நிற்கும். கூண்டு ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்துக்குள் வையுங்கள், தொங்கவிட்டிருந்தால் கொக்கியில் கிரீஸ் தடவுங்கள். எறும்புப் பொடி மட்டும் கூண்டுக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

அடுப்படியில் கூண்டை வைக்காதீர்கள். நான்ஸ்டிக் தவா அதிகமாகச் சூடானால் வரும் புகை நமக்குத் தெரியவே தெரியாது, பறவை நிமிடங்களில் விழுந்துவிடும். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, வெள்ளிக்கிழமைப் புகை எல்லாம் வேறு அறையில்.

தீனி

அடிப்படை தினை. கூடவே பனிவரகு, கேனரி விதை கிடைத்தால் கொஞ்சம். மளிகைக் கடையில் தீட்டிய தினையரிசி கொடுப்பார்கள், அது வேண்டாம், உமியோடு இருக்கும் தினைதான் வேண்டும், பறவை தானே உரித்துத் தின்னும். இங்கேதான் புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறுவது. உரித்த உமி கிண்ணத்திலேயே விழுந்து நிறைந்திருக்கும், பார்த்தால் தீனி அப்படியே இருப்பது போலத் தெரியும், பறவை பட்டினி கிடக்கும். தினமும் காலையில் கிண்ணத்தை வாயால் ஊதிப் பாருங்கள்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. செல்லப்பிராணிக் கடையில் பாக்கெட்டில் விற்பதையே நாட்டு மருந்துக் கடையில் "கடல் நுரை" என்று கேட்டால் எடை போட்டுக் கொடுப்பார்கள். கம்பியில் செருகிவிடுங்கள். முட்டை வைக்கும் பெட்டைக்கு இது இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அத்தோடு காலை இளவெயில் ஒரு அரை மணி நேரம் பட வேண்டும், வெயில் இல்லாமல் சுண்ணாம்பு உடம்பில் ஒட்டாது.

கீரை வாரத்தில் மூன்று நாள் போதும். முருங்கை இலை, கொத்தமல்லி இரண்டும் என் பறவைகளுக்கு உயிர். மருந்தடித்த கீரையாக இருக்கலாம், உப்புத் தண்ணீரில் போட்டு அலசிவிட்டுக் கொடுங்கள்.

முட்டைத் தீனி என்று ஒன்று உண்டு. கோழிமுட்டையை நன்றாக வேகவைத்து மசித்து, ரஸ்க் தூள் கலந்து உதிரியாக்கினால் முடிந்தது. இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். இதை எப்போது கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். முட்டைத் தீனியும் முளைகட்டிய தினையும் "மழை வந்தாச்சு" என்று பறவைக்குச் சொல்லும் செய்தி. தினமும் கொடுத்துவிட்டு ஏன் ஓயாமல் முட்டை வைக்கிறது என்று கேட்கக் கூடாது.

கூடு, முட்டை

மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். அதற்காகக் கூடு வைத்துவிடாதீர்கள். பெட்டைக்கு எட்டு ஒன்பது மாதமாவது ஆகட்டும். சின்ன வயதில் வைத்தால் முட்டை சிக்குவது, குஞ்சைத் தூக்கி எறிவது எல்லாம் நடக்கும்.

உள்ளங்கையில் அடங்கும் மண் கலயம், வாய் 5 செ.மீ. போதும், அல்லது முன்பக்கம் பாதி திறந்த 12 செ.மீ. மரப்பெட்டி. எனக்கு மண் கலயம்தான் பிடிக்கும், வெயிலுக்குச் சூடேறாது, உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கூண்டில் உயரமான மூலையில் கட்டுங்கள். தேங்காய் நாரைப் பிரித்து ஒரு விரல் நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள், காய்ந்த அருகம்புல்லும் சேர்க்கலாம். நூல், பஞ்சு, தலைமுடி கூடவே கூடாது, காலில் சுற்றி இறுகிவிடும், கவனிக்காவிட்டால் காலே போய்விடும்.

ஆண் ஒவ்வொரு நாராகக் கவ்விக்கொண்டு போகும், பெட்டை உள்ளே உட்கார்ந்து வாங்கி வட்டமாகச் சொருகும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும் என்பதால் நாமும் நாரைப் போட்டுக்கொண்டே இருப்போம். இதுதான் தவறு. முதல் முட்டையைப் பார்த்ததும் மிச்ச நாரை எல்லாம் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நார் இருக்கும்வரை ஆண் கட்டிக்கொண்டே இருக்கும், வைத்த முட்டைமேல் மெத்தை போடும், அதன்மேல் பெட்டை மறுபடி முட்டை வைக்கும். ஒரு முறை கலயத்தைக் கழுவ எடுத்தபோது அடியில் நாலு முட்டை, நடுவில் நார், மேலே ஐந்து முட்டை என்று அடுக்கு இட்லிப் பானை மாதிரி இருந்தது.

தினம் ஒன்றாக நாலு முதல் ஆறு முட்டை வைக்கும். வெள்ளையாக, ஒரு கிராம் எடைதான் இருக்கும். மூன்றாவது நாலாவது முட்டைக்கு அப்புறம்தான் ஒழுங்காக அடை உட்காரும், பகலில் இரண்டும் முறை வைத்துக்கொண்டு உட்காரும், ராத்திரி இரண்டுமே உள்ளே படுத்துக்கொள்ளும். அடை உட்கார்ந்து ஆறாம் நாள், பறவை தீனிக்கு இறங்கும் நேரம் பார்த்து, செல்போன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்தால் சிவப்பு நரம்பு தெரியும். தெரியாதது கூமுட்டை. எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி. ஒரு முறை பார்த்தால் போதும், தினமும் கையை விட்டால் கூட்டையே கைவிட்டுவிடும். 12 முதல் 14 நாளில் பொரிக்கும்.

அடை காக்கும் கடைசி நாட்களில் கூட்டுக்குள் இருந்து ஒரு மெல்லிய, மூச்சிரைப்பு மாதிரியான சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். வெயில் 26 டிகிரியைத் தாண்டினால் பெற்றோர் முட்டையைப் பார்த்து அப்படிக் கூப்பிடும் என்றும், அதைக் கேட்டுப் பொரித்த குஞ்சுகள் சூட்டில் கொஞ்சம் சின்ன உடம்போடு வளர்கின்றன என்றும் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் 26 டிகிரி என்றால் மார்கழிப் பகல்! என் பறவைகள் வருடம் முழுக்க முட்டையோடு பேசிக்கொண்டிருக்கின்றன போல.

குஞ்சு

பொரித்ததும் ஒரு கிராம்கூட இருக்காது. மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தால் கழுத்தோரம் தோல் வழியாக உள்ளே இருக்கும் தினை மணிகள் தெரியும், வெள்ளைப் பையில் போட்டுக் கட்டின மாதிரி. அது நிறைந்திருந்தால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. இந்த நாட்களில் மட்டும் முட்டைத் தீனியும் முளைகட்டிய தினையும் காலை மாலை இரண்டு வேளை தாராளமாகக் கொடுங்கள்.

சில ஜோடிகள் குஞ்சைத் தூக்கி வெளியே போடும். முதல் ஈடு என்றால் அனுபவமின்மை, சத்துக் குறைவு, அடிக்கடி எட்டிப் பார்ப்பது, கூட்டில் பேன், இவற்றில் ஒன்றாக இருக்கும். ஆணுக்கு அடுத்த ஈட்டுக்கு அவசரம் என்றாலும் இப்படிச் செய்யும். குஞ்சு சில்லிட்டுக் கிடந்தாலும் செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள், உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடேற்றினால் பத்து நிமிடத்தில் வாயைத் திறக்கும், திரும்பக் கூட்டில் வைத்துவிடலாம். கையால் தொட்டால் தாய் சேர்க்காது என்பது கதை.

18 முதல் 21 நாளில் வெளியே வரும். அதற்கு அப்புறமும் இரண்டு வாரம் அப்பாதான் ஊட்டிக்கொண்டிருக்கும். 35 நாளில் தானே தின்னப் பழகிவிடும்.

யாரைப் பிரிப்பது

35 நாளில் குஞ்சுகளை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் மாற்றிச் செய்கிறேன், தாயைத்தான் தனியாக மாற்றுகிறேன். குஞ்சு வெளியே வந்ததும் கலயத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது வெளியே வந்த வாரத்திலேயே அடுத்த முட்டை விழும். பெட்டையை, முடிந்தால் இன்னொரு பெட்டையோடு, வேறு கூண்டில் விடுங்கள். முட்டைத் தீனி கிடையாது, வெறும் தினை, கடல் நுரை, தண்ணீர். வருடத்துக்கு மூன்று ஈடு போதும், இரண்டு ஈட்டுக்கு நடுவில் இரண்டு மாதமாவது இப்படி ஓய்வு. கலயத்தை எடுத்த பிறகும் சில பெட்டைகள் தீனிக் கிண்ணத்தில் முட்டை வைக்கும், அதனால்தான் ஆணையும் பெட்டையையும் பிரிக்கச் சொல்கிறேன்.

அப்பாவைக் குஞ்சுகளோடு விடுவதற்குக் காரணம் பாட்டு. ஆண் குஞ்சு பிறக்கும்போதே பாட்டோடு பிறப்பதில்லை. ஏறக்குறைய 25-ஆம் நாளில் இருந்து 65-ஆம் நாள் வரை அப்பா பாடுவதைக் கேட்டு மனதில் ஏற்றிக்கொள்ளும். ஒரு மாதம் ஆனதும் மூலையில் உட்கார்ந்து தொண்டையை மட்டும் அசைத்து முணுமுணுக்கும். அதைக் கேட்டால் மழலை என்றுதான் சொல்வீர்கள், ஒரு துணுக்குக்கும் இன்னொரு துணுக்குக்கும் சம்பந்தம் இருக்காது. வாரம் செல்லச் செல்ல ஒழுங்குபட்டு, 90-ஆம் நாள் வாக்கில் பாட்டு உறைந்துவிடும், அப்புறம் சாகும்வரை அதே பாட்டுதான். மனிதக் குழந்தை பேசக் கற்பதோடு ஒப்பிடுவதற்காகவே உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதை வளர்க்கிறார்கள். கோழிக்கு அடுத்து மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்ட பறவையும் இதுதான், 2010-இல். இந்த நாட்களில் அப்பாவைப் பிரித்தால் மகன் அரைகுறையாக எதையோ கத்திக்கொண்டு திரியும்.

பெட்டைக் குஞ்சுகளுக்கு அலகு நிறம் மாறியதும், எப்படியும் 60 நாளுக்குள், தனியே எடுத்துவிடுங்கள். அப்பாவும் மகளும் ஜோடி சேர்ந்துவிடும், அதற்கு வெட்கமெல்லாம் கிடையாது.

வெயிலும் நோயும்

வெயில் தாங்கும் பறவைதான், தண்ணீர் மட்டும் தீரக் கூடாது. கத்திரி வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று முறை மாற்றுங்கள், குளிக்க அகலமான கிண்ணம் தனியாக வையுங்கள், கூண்டின்மேல் ஈரக் கோணி போடுங்கள். அலகைத் திறந்து இறக்கையை விலக்கிப் பிடித்தால் உடனே நிழலுக்கு.

நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஆண் திடீரென்று பாட்டை நிறுத்தி, மூச்சில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் மூச்சுப் பையில் உண்ணி. மருந்து இருக்கிறது, ஆனால் பத்துப் பன்னிரண்டு கிராம் பறவைக்கு ஒரு துளி கூடினாலும் ஆபத்து, கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். ராத்திரியில் வரும் சிவப்புப் பேனைக் கண்டுபிடிக்க வெள்ளைத் துணியைக் கூண்டின்மேல் போட்டுவிட்டுக் காலையில் மடிப்பைப் பாருங்கள். வீட்டில் நாட்டுக்கோழி இருந்தால் கோழிக் கூண்டுக்குப் போன கையோடு இங்கே வராதீர்கள், ராணிக்கெட் என்ற கோழி நோய் இதற்கும் வரும்.

பெட்டை தரையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் முட்டை சிக்கியிருக்கிறது என்று முதலில் நினையுங்கள். சின்னப் பெட்டியில் போட்டு, 40 வாட் குண்டு பல்பை ஒரு பக்கம் மட்டும் எரியவிட்டு, 30 டிகிரிச் சூட்டில் வைத்து, மருத்துவரிடம் ஓடுங்கள். அமுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் பிழைக்காது. என் முதல் பெட்டைக்கு நான் இதில் எதையும் செய்யவில்லை, சளி என்று நினைத்துத் துளசித் தண்ணீர் வைத்தேன்.

கடைசியாக, தாய் செத்தாலோ குஞ்சை எறிந்தாலோ பெங்காலி ஃபின்ச் என்ற இன்னொரு கூண்டுக் குருவியிடம் விடலாம் என்று சொல்வார்கள். உண்மைதான், எந்தக் குஞ்சைக் கொடுத்தாலும் சலிக்காமல் வளர்க்கும். நானும் இரண்டு குஞ்சுகளை அப்படி விட்டேன். ஒன்று ஆண். மூன்று மாதம் கழித்து அது வாயைத் திறந்தபோது ஹாரன் சத்தம் வரவில்லை, பெங்காலி அப்பாவின் கீச்சுக் கீச்சுப் பாட்டு அப்படியே வந்தது. இம்மெல்மான் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1960-களிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார் என்று பிறகுதான் படித்தேன். ஆரஞ்சுக் கன்னமும் வரிக் கழுத்துமாக அது இப்போதும் வராந்தாவில் பாடிக்கொண்டிருக்கிறது, பக்கத்துக் கூண்டு ஜீப்ரா பெட்டைகள் ஒன்றும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.